சாரலுக்கு இறுகாத சிமிழ்: மூன்று மரம் ஒட்டிக் கடைந்த கணக்கு

தேக்கு, ரப்பர், ஈட்டி மூன்றையும் பட்டை பட்டையாக ஒட்டி லேத்தில் கடைந்த இந்தச் சிமிழின் மூடி மே மாத வெயிலிலும் கழன்றது, ஜூலைச் சாரலிலும் கழன்றது. இதற்கு முன்னால் செய்தவை அப்படியில்லை. கோடையில் 'பொக்' என்று சத்தம் கேட்கும்படி அளவெடுத்துக் கடைந்த மூடி, குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த முதல் வாரத்திலேயே கழுத்தைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. முறுக்கித் திறந்ததில் ஒன்று ஒட்டு வாயில் விரிசல் விட்டது. செங்கோட்டைப் பக்கம் கடைபவர்களுக்கு உளிப் பிடியைவிட ஈரக் கணக்குதான் முக்கியம் என்பதால், இந்தப் பதிவில் பாதி அதைப் பற்றியே இருக்கும்.

மரத்திலிருந்து தொடங்கலாம். வெளிர் நிறத்துக்கு ரப்பர். புனலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் வெட்டி வருவது, செங்கோட்டை மில்களில் துண்டாகக் கிடைக்கும். மருந்து ஏற்றிய ரப்பர்தானா என்று கேட்டு வாங்க வேண்டும். போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசல் ஏற்றாத ரப்பர் கட்டையில் வண்டு உறுதியாக விழும். ஆறே மாதத்தில் சிமிழுக்குள் மாவு கொட்டும். நீலம் பாய்ந்த துண்டும் வேண்டாம். அது பூஞ்சைக் கறை, இழைத்தாலும் போகாது.

நடுவில் தேக்கு. தென்மலை, ஆரியங்காவு டெப்போக்களில் ஏலம் எடுத்து இங்கே அறுக்கிற தடிகளின் ஓரத் துண்டே போதும். கறுப்புக் கோட்டுக்கு ஈட்டி. கதவு, கட்டில் செய்கிற பட்டறையில் மீதமாகும் ரீப்பர் கிடைத்தால் வாங்கலாம், ஆனால் பில்லோடு. பில் இல்லாத ஈட்டியைத் தொடாமல் இருப்பது நல்லது. புளியரை சோதனைச் சாவடியில் மரத்துக்குப் பாஸ் கேட்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஈட்டி கிடைக்காவிட்டால் முற்றிய பூவரசின் வைரம் அதே வேலையைச் செய்யும். நிறம் கொஞ்சம் சாக்லேட் பக்கம் போகும், அவ்வளவுதான்.

பலாவை நம்பி நிற முரண் வைக்காதீர்கள். இழைத்த அன்று எலுமிச்சை மஞ்சளாக ஜொலிக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு ஒரு வருடத்தில் தேக்கின் பழுப்புக்கே வந்து சேர்ந்துவிடும். பிறகு ஒட்டிய கோடு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஆஞ்சிலியும் ஏறக்குறைய அதே கதைதான்.

இனி ஈரக் கணக்கு. கையில் வைக்கிற ஊசி மீட்டரில் வீட்டுக்குள் கிடக்கும் காய்ந்த தேக்கு ஏப்ரல், மே மாதங்களில் 10 முதல் 11 சதவீதம் காட்டுகிறது. சாரல் பிடித்த பிறகு 14, 15. ஆக 4 சதவீத ஏற்றம். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும் வரை, வருட வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 5 சதவீதம் சுருங்கும். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதிதான். நார் ஓடும் நீளத்தில் கணக்கில் எடுக்கிற அளவுக்கு ஒன்றும் இல்லை. ரப்பருக்கும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது, ஈட்டியும் அருகிலேயே வரும். இந்த மூன்றையும் சேர்த்து ஒட்டத் துணிவதற்கு நிறத்தைவிட இதுதான் காரணம்.

56 மில்லிமீட்டர் விட்டமுள்ள கழுத்துக்கு இதைப் போட்டுப் பார்த்தால், 4 சதவீத ஈரம் ஏறும்போது ஒரு திசையில் 0.4 மில்லிமீட்டர், அதற்குக் குறுக்கே 0.2 மில்லிமீட்டர் வீங்கும். வட்டமாகக் கடைந்தது 0.2 அளவுக்கு முட்டை வடிவமாகிவிடுகிறது. கழுத்தும் முட்டை, மூடியின் வாயும் முட்டை. இரண்டும் ஒரே கட்டையில் அடுத்தடுத்து வெட்டியதாக இருந்து, பட்டைக் கோடுகள் நேருக்கு நேர் சேரும்படி மூடினால் இரண்டு முட்டையும் ஒரே பக்கம் நீண்டிருக்கும், மூடி வரும். அதே மூடியைக் கால் வட்டம் திருப்பிப் போட்டால் நீண்ட கழுத்தின் மேல் குறுகிய வாய் உட்காருகிறது. இறுகும் மூடிகளில் பாதி இப்படித் திருப்பிப் போட்டு விட்டவைதான். இறுகியதை முறுக்க வேண்டாம். 40 வாட் குண்டு பல்ப் எரிகிற மூடிய பெட்டியில் இரண்டு நாள் வைத்தால் தானே கழலும்.

அதனால் இரண்டு முடிவு. ஒன்று, நார் எப்போதும் சிமிழின் நின்ற உயரத்தில்தான் ஓட வேண்டும், கிண்ணம் கடைவதுபோல் குறுக்கே அல்ல. குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் 0.4 வீங்கும், மறு பக்கம் அசையவே அசையாது, முட்டை இன்னும் மோசமாகும். இரண்டு, ஒட்டுகிற பலகைகளின் வெட்டு முனையைப் பார்த்து, எல்லாப் பட்டையிலும் வளையங்கள் ஒரே மாதிரிப் படுத்திருக்கும்படி அடுக்க வேண்டும். ஒன்றில் படுத்தும் பக்கத்துப் பட்டையில் நின்றும் இருந்தால் ஒட்டின் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் இழுக்கும். முதலில் நகத்துக்குத் தட்டுப்படும், பிறகு விரியும்.

அடுக்கும் பசையும்

முடிந்த சிமிழின் வெளி விட்டம் 66 மில்லிமீட்டர். கட்டை 76 சதுரம். அடுக்கு: ரப்பர் 20, ஈட்டி 4, தேக்கு 28, ஈட்டி 4, ரப்பர் 20. கூட்டினால் 76 வரும். ஒவ்வொரு பட்டையும் 450 நீளம், 76 அகலம். ஒரு சிமிழுக்கு 130 போதும், ஆனால் 130 நீளத் துண்டை மில் பிளேனரில் (இழைப்பு மெஷினில்) விடுவது கைக்கு ஆபத்து, துண்டும் எகிறும். மெஷின் பட்டையின் இரண்டு முனையிலும் கொஞ்சம் பள்ளம் கடிக்கும், அதை 30, 30 கழித்தால் மூன்று கட்டை கிடைக்கும். 4 மில்லிமீட்டர் ஈட்டியை அப்படியே பிளேனரில் விட்டால் நொறுங்கும். கீழே ஒரு தட்டையான பிளைவுட் பலகையை வைத்து, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி விட வேண்டும்.

மீட்டர் இல்லாதவர்கள் சமையல் தராசில் கட்டையை வாரா வாரம் எடை போட்டு எழுதி வைக்கலாம். எடை மாறாமல் நின்றால் அந்த அறையின் ஈரத்துக்கு மரம் பழகிவிட்டது.

ஃபெவிக்கால் மரைன் போதும். தேக்கிலும் ஈட்டியிலும் எண்ணெய்ப் பசை உண்டு. இழைத்த உடனே தின்னர் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் நிறம் ஏறுவது குறையும் வரை துடைத்து, உலர்ந்த கால் மணி நேரத்துக்குள் ஒட்ட வேண்டும். முதல் நாள் இழைத்து மறுநாள் ஒட்டினால் எண்ணெய் மேலே வந்துவிடும். பசையைப் பழைய ஏ.டி.எம். கார்டால் இரண்டு முகத்திலும் வழித்துத் தடவுவது நல்லது. தடவும் வேலை பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஐந்து பட்டையும் பசையில் வழுக்கி ஓடும். ஒவ்வொரு முகத்திலும் இரண்டு சிட்டிகை கல் உப்புப் பொடி தூவினால் பிடித்து நிற்கும். உப்பு முனைப் பக்கம் மட்டும் இருக்கட்டும், அந்தப் பகுதி எப்படியும் கழியப் போகிறது.

450 நீளத்துக்கு ஐந்து கிளாம்ப். மேலும் கீழும் தடித்த சட்டம் ஒன்று வைத்து இறுக்கினால் அழுத்தம் பரவும். ஒட்டு வாய் நெடுகப் பசை மணி மணியாக வெளியே வந்தால் போதும், கோடாக வழிந்தால் இறுக்கம் அதிகம். அடியில் செய்தித்தாள் விரித்தால் தாளும் சேர்ந்து ஒட்டும், பாலிதீன் விரியுங்கள். வெயில் காலத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம். சாரல் நாளில் இரண்டு நாள் விடுவது நல்லது.

கழற்றிய கையோடு கடையக் கூடாது. பசையின் தண்ணீரை ஒட்டின் இரு பக்கமும் குடித்து அந்த இடம் சற்று உப்பியிருக்கும். அந்த நிலையில் சமமாகக் கடைந்தால், தண்ணீர் வற்றிய பிறகு ஒட்டுக் கோடு பள்ளமாகத் தெரியும், பாலிஷ் போட்ட பிறகு அது இன்னும் பளிச்சென்று தெரியும். ஒரு வாரம் நிழலில் சும்மா கிடக்கட்டும்.

கடைசல்

இரண்டு முனைக்கு நடுவில் மாட்டி, 76 சதுரத்தை 750 ஆர்.பி.எம். வேகத்தில் ரஃபிங் கௌஜால் (அகன்ற குழி உளியால்) உருட்ட வேண்டும். நாலு மூலையும் போகும் வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். ஒட்டில் குறை இருந்தால் இந்தக் கட்டத்தில்தான் பட்டை பிய்ந்து பறக்கும், முகக் கவசம் இல்லாமல் நிற்க வேண்டாம். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தும்மலும் கொடுக்கும், மூக்குக்கும் மாஸ்க் வேண்டும்.

உளி சரியாகத் தீட்டியிருக்கிறதா என்று பார்க்கக் காது போதும். மூன்று மரமும் மூன்று கடினம் என்பதால், வட்டம் வராத வரை டக் டக் என்று தட்டும். வட்டம் வந்த பிறகும் ரப்பர் மேல் ஒரு ஓசை, ஈட்டி மேல் ஒரு ஓசை என்று மாறி மாறிக் கேட்டால் முனை மழுங்கிவிட்டது. தேக்கில் இருக்கும் சிலிக்கா சாதாரண இரும்பு உளியைச் சீக்கிரம் தின்றுவிடும். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) உளியாக இருந்தாலும் ஒரு சிமிழுக்குள் ஐந்தாறு முறை தீட்ட வேண்டியிருக்கிறது.

74 விட்டத்துக்கு உருட்டி, இரண்டு முனையிலும் சக் (லேத்தில் கட்டையைக் கவ்வும் தாடை) பிடிக்க 50 விட்டத்தில் 6 நீளத்துக்குக் கழுந்து, அதாவது குட்டையான முளை. கழுந்தின் முனை சக்கின் அடியைத் தொடக் கூடாது, தோள்தான் தாடையில் உட்கார வேண்டும். பிரிக்கும் முன் கட்டை நெடுக ஒரு பென்சில் கோடு. மூடியும் அடியும் பிரிந்த பிறகு எந்தப் பக்கம் எதற்கு என்று பட்டையைப் பார்த்தே தெரியும் என்று தோன்றும். அடுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி என்பதால் முன்பின் தெரியாது.

மூடிக்கு 24, மீதி அடிக்கு. பிரிக்கிற உளியான பார்ட்டிங் டூல் 3 மில்லிமீட்டரைத் தின்னும். பட்டைகள் நின்ற கோடாக ஓடுவதால் அந்த 3 போனாலும் கோடு விலகாது. சாய்வாக ஒரு வளையம் செருகுகிற ஆசை உள்ளவர்கள் மட்டும் இரண்டு இடத்தில் கணக்குப் பார்க்க வேண்டும். கட்டையைச் சாய்வாக அறுத்த வாளின் தடிமன் எவ்வளவோ, செருகும் பட்டையும் அதே அளவு இருந்தால்தான் இரண்டு பக்கத்துக் கோடும் நேர் சேரும். மூடி பிரியும் இடத்தில் அந்த வளையம் வரவும் கூடாது. அங்கே பார்ட்டிங் 3, கழுத்து 5 என்று 8 மில்லிமீட்டர் காணாமல் போகும், வளையம் ஒடிந்து தெரியும்.

அடியை 38 மில்லிமீட்டர் ஃபார்ஸ்ட்னர் பிட்டால் (அகலத் துளை போடும் பிட்) 450 ஆர்.பி.எம். வேகத்தில் 60 ஆழம் துளைக்கலாம். ஒவ்வொரு 10 மில்லிமீட்டருக்கும் வெளியே எடுத்துச் சீவலைத் தட்டாவிட்டால் பிட் சூடேறி ரப்பரைக் கருக்கும். பிட்டின் மூக்கு இன்னும் கொஞ்சம் கீழே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இந்தக் கட்டத்தில் முழு அளவுக்குக் குடையாமல் சுவரைப் பதினாறு, பதினெட்டு மில்லிமீட்டர் தடிமனாக விட்டுவிட்டு நிறுத்த வேண்டும். மூடியையும் அப்படியே. நடுவைக் குடைந்ததும் மரத்துக்குள் அடைந்திருந்த இறுக்கம் விடுபட்டு உருவம் கொஞ்சம் அசையும். மூடியையும் அடியையும் பழுப்புக் காகிதப் பையில் போட்டு மூன்று வாரம் வைத்துவிட்டு வெர்னியரால் அளந்தபோது, வட்டமாக விட்ட வெளிப்புறம் ஒரு பக்கம் 74, மறு பக்கம் 73.7 என்று வந்தது. இந்தக் காத்திருப்பைத் தவிர்த்த சிமிழில் இந்த 0.3 மூடி போட்ட பிறகு வெளிப்பட்டிருக்கும்.

மறு கடைசலில் முதலில் மூடி. உள்வாய் 56 விட்டம், 6 ஆழம், சுவர் நேராக. உள்ளே சற்று அகன்றாலும் கழுத்து நுனி மட்டும் பிடிக்கும், நுனி மட்டும் பிடித்த மூடி ஆடும். வெர்னியரின் உள் தாடையை வாயிலும் அடியிலும் வைத்துப் பார்த்து 0.1க்குள் ஒத்துவரச் செய்ய வேண்டும். உள்ளே உப்புத்தாள் போட்டு பாலிஷும் முடித்துவிட்டுத்தான் அடிக்குப் போவது. பிறகு உப்புத்தாள் போட்டால் அளவு மாறிவிடும்.

அடியில் கழுத்தை 57க்கு நிறுத்தி, நுனியில் மட்டும் லேசாகச் சரித்து மூடியை வைத்துத் திருப்பினால் எந்த இடம் உரசுகிறதோ அங்கே பளபளப்பான வளையம் விழும். அந்த வளையம் வரைதான் உண்மையான அளவு. அங்கிருந்து ஸ்கூ உளியால் (சாய்ந்த முனை உளி) மயிரிழையாக எடுத்து, மூடி இறுக்கமாக ஏறும் நிலைக்குக் கொண்டு வர வேண்டும். அந்த இறுக்கத்திலேயே மூடியை அடியின் மேல் ஏற்றி, பட்டைகளை நேர் சேர்த்து, வெளிப்புறம் முழுவதையும் ஒரே வீச்சில் 66க்குக் கடைந்து, மூடியின் தலைக் கழுந்தையும் எடுத்துவிடலாம். லேத்தின் எதிர் முனையில் தாங்கும் டெயில்ஸ்டாக்கை முடிந்தவரை விடாமல் முட்டுக் கொடுத்து வைப்பது நல்லது.

மூடியைக் கழற்றிவிட்டுத்தான் கழுத்தைத் தளர்த்த வேண்டும். மே மாதத்தில் கடைந்தால் விட்டத்தில் 0.3 முதல் 0.35 வரை இடம் விடலாம். சாரலில் கடைகிறவர் 0.15 விட்டால் போதும். கழுத்து உயரம் 5. பத்து, பன்னிரண்டு என்று நீளக் கழுத்து வைப்பது பார்க்க உயர்தரமாக இருக்கும், ஆனால் நீளம் கூடக் கூட உரசும் பரப்பும் கூடும், சாரலில் பிடிக்கும். உள்ளே குடைவு 48, ஆக கழுத்துச் சுவர் 4, உடல் சுவர் 9.

உப்புத்தாளும் அரக்கும்

கலப்பு மரத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஈட்டித் தூள் ரப்பரின் வெள்ளைத் துளைகளில் போய் அடைந்து, வெளிர் முகம் முழுதும் அழுக்கேறியதுபோல் ஆகிவிடும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் இன்னும் மோசம், ஈட்டியின் சாயம் கரைந்து ரப்பருக்குள் ஊறும். வழி இதுதான்: உப்புத்தாள் போடும் முன்பே மெல்லிய அரக்குக் கரைசலை ஒரு கை பூசிக் காய விட வேண்டும். 500 மில்லி ஸ்பிரிட்டில் 100 கிராம் மெழுகு நீக்கிய அரக்குச் செதில், ஒரு ராத்திரி ஊறினால் கரைந்துவிடும். அதன் மேல் 180, 240, 320, 400 என்று போகலாம். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் ஏர் கன்னால் ஊதித் தள்ளுங்கள், துடைக்காதீர்கள்.

விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் மெத்தென்ற ரப்பர் சீக்கிரம் தேயும், ஈட்டி தேயாமல் மேடாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டு தடவினால் நான்கு வரம்பு விரலில் தட்டும். தாளுக்குப் பின்னால் கார்க் துண்டு அல்லது செருப்பு ரப்பர் வைத்துத் தேய்த்தால் சமமாக வரும். லேத் வேகம் 600க்கு மேல் வேண்டாம். கடைசி நம்பரை லேத்தை நிறுத்திவிட்டு நாரோடு கையால் தேய்ப்பது வட்டக் கீறலைப் போக்கும்.

முடிவுப் பூச்சுக்கு அதே அரக்கை மூன்று கை. மழை தூறும் நாளில் அரக்குப் பூசினால் வெள்ளையாகப் பூத்துவிடும், வெயில் அடிக்கும் மதியத்துக்காகக் காத்திருக்கலாம். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்மெழுகைக் கற்பூரத்தைலத்தில் (டர்பன்டைன்) கரைத்து மேலே ஒரு கை. தேங்காய் எண்ணெயில் கரைக்கச் சொல்வார்கள். அது காய்கிற எண்ணெய் இல்லை, பிசுபிசுப்பாகவே கிடந்து தூசி பிடிக்கும். உள்ளே அரக்கு மட்டும், மெழுகும் எண்ணெயும் வேண்டாம், மூடிய சிமிழில் வாசம் நிற்கும். அம்பாசமுத்திரத்துச் சொப்புகளுக்கு ஏற்றுகிறதுபோல் சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தி ஏற்றுவதும் அழகுதான், ஆனால் நிற அரக்கு மரத்தை மறைத்துவிடும். இவ்வளவு கஷ்டப்பட்டு ஒட்டிய பட்டை பின் எதற்கு?

மூடிக் குமிழ் தனி ஈட்டித் துண்டில், 8 மில்லிமீட்டர் கழுந்தோடு. கழுந்தின் பக்கத்தில் ஒரு சின்னக் காடி வெட்டிவிட்டால் துளைக்குள் அடைபடும் காற்றும் மிச்சப் பசையும் அதன் வழியாக வெளியேறும். காடி இல்லாத குமிழ் பசை உலர்வதற்குள் மேலே எழும்பும்.

செலவு, மூன்று சிமிழுக்குச் சேர்த்து: ரப்பர், தேக்கு ஓரத் துண்டு எடைக்கு 260 ரூபாய், ஈட்டி ரீப்பர் 300, மில்லில் இழைப்புக் கூலி 150, பசை கணக்கில் 60, அரக்கும் ஸ்பிரிட்டும் 220, உப்புத்தாள் 90. மொத்தம் 1,080, ஒன்றுக்கு 360 ரூபாய். லேத், சக், உளி இதில் இல்லை. மூன்று வாரக் காத்திருப்பும் இல்லை.

அடுத்த தொகுதியில் மாற்ற வேண்டியவை சில. ஈட்டிக்குப் பதில் பூவரசு வைத்துப் பார்க்கலாம், சாயம் ஊறும் தொல்லை குறைகிறதா என்று தெரியும். ஈட்டிப் பட்டையை 4லிருந்து 2.5க்கு இறக்கலாம், உப்புத்தாளில் மேடு விழுவது அதிலும் குறையும். மூடியின் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடக் குறைவாகப் பூச்சு வாங்குகிறது. இரண்டுக்கும் அதே மூன்று கை கொடுத்தால் ஈரம் இரு பக்கமும் ஒரே வேகத்தில் ஏறும். சேர வேண்டிய பட்டை எது என்பதற்குக் கழுத்திலும் மூடி வாயின் உள்ளேயும் சூட்டுக்கம்பியால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். வாங்கிக்கொண்டு போகிறவருக்குப் பென்சில் கோட்டைப் பற்றித் தெரியாது.

அடியைத் தட்டையாக முடிப்பதை நிறுத்தி, நடுவை ஒரு மில்லிமீட்டர் உள்வாங்கிக் கடைவதும் உண்டு. சாரலில் அடி உப்பினாலும் சிமிழ் மேசையில் ஆடாது.